பினாங்கு விடுமுறையில் ஒருவரைப் பிடித்துப்போனது: ஊர் திரும்பிய பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

மளிகைக்கடை மகள் (ஜூன் 9)

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது இருபது, பி.காம். கடைசி வருஷத்துக்குப் போகிறேன். அப்பாவுக்கு மதுரை கீழமாசி வீதியில் மொத்த மளிகைக் கடை. புளி, மிளகாய், மல்லி, பருப்பு. கடையைச் சேர்ந்தாற்போல மூட முடியாது என்பதால் கொடைக்கானல் தாண்டி நாங்கள் குடும்பமாக எங்கேயும் போனதில்லை. இந்த மே மாதம்தான் முதல்முறையாக வெளிநாடு.

தாத்தாவின் தம்பி அந்தக் காலத்திலேயே மலாயா போனவர். அவர் பிள்ளைகள் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கிறார்கள். ரொம்ப வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். 2023 டிசம்பரிலிருந்து நம் ஆட்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம் என்று ஆன பிறகு அப்பாவும் இறங்கி வந்தார். அப்பா, அம்மா, அப்பத்தா, நான், தம்பி. திருச்சியில் விமானம் ஏறி கோலாலம்பூர், பத்துமலை பார்த்துவிட்டு ரயிலில் பட்டர்வொர்த்.

அங்கே பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. அவனுடைய நண்பர் ஒருவர் எங்களைச் சுற்றிக் காட்ட வந்தார். பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் என்ற இடத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்து தூங்காமல்கூடக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். தமிழர்தான், ஆனால் அவர் அப்பாகூட இந்தியாவைப் பார்த்ததில்லை.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனோம். 513 படி. அப்பத்தாவுக்கு மூட்டுவலி, ஏற முடியாது. யாராவது கீழே கூட இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் என்றேன். அவர் தானும் இருப்பதாகச் சொன்னார், பலமுறை ஏறியாகிவிட்டதாம். மற்றவர்கள் ஏறி, கும்பிட்டு, இறங்கி வரும் வரைக்கும் அப்பத்தாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கிடைத்ததிலேயே நீளமான பேச்சு அதுதான். மற்றதெல்லாம் துண்டு துண்டாக: பினாங்குக் கொடிமலை ரயிலுக்கு வரிசையில் நின்றபோது, நாசி கண்டார் என்கிற குழம்புச்சோறு விற்கும் கடையில் குழம்பு எதை ஊற்றச் சொல்வது என்று கேட்டபோது, ஃபெரி படகில் கடலைக் கடந்தபோது.

எனக்குப் பிடித்தது எதுவென்றால், ஒரு நாள் அசாம் லக்சா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாய் வைத்ததுமே இதில் புளி இருக்கிறது என்றேன். அதிலிருந்து பேச்சு புளிக்குப் போனது. புதுப்புளி மாசி பங்குனியில் வரும், நிறம் கறுக்காமல் இருக்கக் குளிர்கிடங்கில் போடுவோம், மிளகாய் காயக் காய எடை குறையும், அந்த எடையை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் வியாபாரமே இருக்கிறது, விருதுநகர் மார்க்கெட் விலையை வைத்துக்கொண்டு அப்பா எப்படிப் பேரம் பேசுவார், எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேள்வியும் கேட்டார், சரியான கேள்விகள். கடைசியில், “அப்ப கடையை நீங்கதான் பாக்கப் போறீங்களா?” என்றார். என்னிடம் அதை யாரும் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் கடை தம்பிக்கு என்று அவன் பிறந்த அன்றே முடிவாகிவிட்டது.

ஊர் வந்து சேர்ந்துவிட்டோம். தினமும் பேசுகிறோம். அவர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறார். எங்கள் வீட்டில் எல்லாரும் படுத்து நான் போனை எடுக்கும்போது அவருக்கு நடுராத்திரி தாண்டிவிடும். “நீங்கள் எனக்கு முக்கியமானவர்” என்று போன வாரம் சொன்னார். எனக்கும் அப்படித்தான். ஆனால் இது அந்த ஊரும் கடலும் விடுமுறையும் சேர்ந்து செய்த வேலையா, இல்லை உண்மையிலேயே இந்த மனிதரா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? இப்படி ஒன்று நடந்து, பிறகு சேர்ந்தவர்களும் பிரிந்தவர்களும் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

வண்டியூர் வாசகன் (ஜூன் 9)

தங்கச்சி, வெளிநாட்டில் பழகியதெல்லாம் ஊர் வந்து சேர்ந்ததும் மெல்ல அடங்கிவிடும். என் நண்பர்கள் சிலருக்குப் பார்த்திருக்கிறேன். ஒரு செமஸ்டர் போகட்டும், தானாகத் தெரிந்துவிடும். இன்னொன்று, பணம் காசு, போட்டோ எதுவும் அனுப்பாதீர்கள். சொந்தக்காரர் வீட்டுக்குத் தெரிந்த பையன் என்பதால் மோசடி பயம் குறைவு, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

திருநகர் அக்கா (ஜூன் 10)

உன் பதிவை ரெண்டு முறை படித்தேன். உனக்குக் கல்யாணமான அக்கா ஒருத்தி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்.

பினாங்கில் ராத்திரி வெளியே போனாயா? கண்டிப்பாகப் போயிருப்பாய். அங்கே ராத்திரிக் கடைத்தெருவில் குடும்பம் குடும்பமாக ஜனம் நடக்கும். செண்டோல் என்கிற குளிர்ந்த இனிப்பு வாங்கப் போகிறேன் என்று நீயும் உன் அண்ணனும் அவரும் நடந்திருப்பீர்கள். “எங்க போற, யார் கூட, எப்ப வருவ” என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உன் அப்பாவே அங்கே வேறு மாதிரி இருந்திருப்பார். கடை இல்லை, கணக்கு இல்லை, தெரிந்த முகம் இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதற்கு அந்த நாலு பேரே அங்கே இல்லையே.

நம் ஊர் தூங்கா நகரம். ராத்திரி ஒரு மணிக்கு பரோட்டாக் கல்லில் சத்தம் கேட்கும், நாலு மணிக்கு மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகை மூட்டை இறங்கும். ஆனால் அந்த ஊர் யாருக்குத் தூங்காமல் இருக்கிறது? இருபது வயதுப் பெண் எட்டு மணிக்கு மேல் காளவாசலில் தனியாக நின்றால் வீட்டிலிருந்து போன் வந்துவிடும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் ராத்திரி ஒன்றுதான் நாம் தெருவில் இருக்கலாம், அதுவும் கூட்டமாக.

அதனால் கேட்கிறேன், கோபப்படாதே. நீ ஆசைப்பட்டது அவர் மேலா, இல்லை அந்த ஊரில் நீ இருந்த மாதிரி இருப்பதன் மேலா? எனக்கு இது நடந்திருக்கிறது. கல்லூரி முடித்த கோடையில் சிங்கப்பூரில் மாமா வீட்டுக்குப் போனோம். அங்கே ஒருவர். அவரை நினைத்து ஒரு வருஷம் அழுதேன். பிறகு வேலை கிடைத்து, சொந்தமாக ஒரு ஸ்கூட்டி வாங்கி, திருப்பரங்குன்றம் ரோட்டில் ராத்திரி எட்டு மணிக்குத் தனியாக வீடு திரும்பிய காலத்தில் அவர் முகமே மங்கிவிட்டது. எனக்கு வேண்டியது ஸ்கூட்டியாக இருந்திருக்கிறது.

உனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. பிரித்துப் பார் என்கிறேன், அவ்வளவுதான். அவரை நம் ஊர் வெயிலில், சிம்மக்கல் நெரிசலில், உங்கள் கடையில் மூட்டை இறங்கும் நேரத்தில் நிற்க வைத்து யோசித்துப் பார். அங்கேயும் பேசுவதற்கு ஏதாவது இருக்கிறதா?

மளிகைக்கடை மகள் (ஜூன் 11)

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்கவில்லை. நடந்தது நீங்கள் சொன்ன மாதிரியேதான். ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில் பத்து மணிக்கு மேல் நடந்தேன். பயமே இல்லை. துப்பட்டாவைச் சரிசெய்யக்கூடத் தோன்றவில்லை.

ஆனால் ஒன்று. அந்தச் சுதந்திரம் அங்கே இருந்த எல்லாராலும்தான் கிடைத்தது. பெரியப்பா வீட்டில் எல்லாரும் அன்பாக இருந்தார்கள், அண்ணனின் மற்ற நண்பர்களும் வந்தார்கள். அவர்களையெல்லாம் நான் நினைக்கவில்லையே. கடையைப் பற்றிக் கேட்டது ஒருவர்தான். பினாங்கில் நான் வேறு ஆளாக இருந்தேன் என்பது சரி. அந்த வேறு ஆளை முதலில் பார்த்தவர் அவர். அவரைப் பிடிப்பதும் அப்படி இருக்கப் பிடிப்பதும் ரெண்டும் ஒன்றாகக் கலந்திருந்தால் அது பொய்யாகிவிடுமா?

திருநகர் அக்கா (ஜூன் 11)

இல்லை, ஆகாது. நல்லா யோசித்திருக்கிறாய்.

பசுமலைக்காரர் (ஜூன் 11)

அம்மா, நான் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், பதிவுத்துறைப் பக்கம் கொஞ்சம் பழக்கம். நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது திருமண வயது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1976ஆம் வருஷச் சட்டம். அதன்படி 18 ஆனாலும் 21 முடியாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இங்கே சிறப்புத் திருமணச் சட்டம், 1954இல் பதிவு செய்தால் முப்பது நாள் அறிவிப்பு ஒட்டுவார்கள், ஒருவராவது அந்த மாவட்டத்தில் முப்பது நாள் வசித்திருக்க வேண்டும். வெளிநாட்டவர் என்றால் அவர் நாட்டிலிருந்து ‘திருமணம் ஆகாதவர்’ என்று சான்று கேட்பார்கள். கல்யாணம் ஆனாலும் மலேசியக் குடியுரிமை உடனே கிடைத்துவிடாது. இதையெல்லாம் யோசித்துப் பெற்றோரிடம் பேசி முடிவெடுக்கவும்.

மளிகைக்கடை மகள் (ஜூன் 11)

ஐயா, நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் நான் கல்யாணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

எனக்கு வருத்தம் இதில்தான். இருபது வயதுப் பெண் ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் நம் ஊரில் அடுத்த வார்த்தை ஒன்று “மறந்துரு” அல்லது “எப்போ கல்யாணம்”. நடுவில் ஒன்றுமே கிடையாதா? ஒருவரை மெல்லத் தெரிந்துகொள்ள, பிடிக்கிறதா என்று பார்க்க, பிடிக்கவில்லை என்றால் மரியாதையோடு விலக ஓர் இடம் வேண்டாமா? அவரும் கல்யாணம் பற்றிப் பேசவில்லை. இன்னும் இரண்டு வருஷம் பேசிக்கொண்டே இருப்போம் என்றார்.

தெப்பக்குளம் பெரியம்மா (ஜூன் 12)

அந்த இடம் எங்கள் காலத்தில் கப்பலில் இருந்தது மகளே. சொல்கிறேன் கேள்.

1980களின் தொடக்கம். எனக்குப் பத்தொன்பது வயது. என் அப்பாவின் அண்ணன் ஈப்போவில் இருந்தார், அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போனோம். அப்போது விமானத்தில் போகும் வசதி எங்களுக்கு இல்லை. எம்.வி. சிதம்பரம் கப்பல். அதற்கு முன்னால் ராஜுலா கப்பல் போய்க்கொண்டிருந்தது, என் பெரியப்பா போனது அதில். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு வரைக்கும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். கீழ்த்தளத்தில் வரிசையாகப் படுக்கைகள். எல்லாருக்கும் வாந்தி. என் அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே படுத்திருந்தார்.

எனக்கு மட்டும் கடல் ஒத்துக்கொண்டது. மேல்தளத்துக்கு ஏறி வந்துவிடுவேன். அங்கே ஒரு பையன். தைப்பிங்கில் படித்து, இங்கே திருச்சியில் கல்லூரி முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியதெல்லாம் நாலு பேர் பார்க்க, பட்டப்பகலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுதான். பத்திரிகை படிப்பீர்களா என்று கேட்டார். தமிழ்ப் பத்திரிகை என்றேன். ஆங்கிலமும் படியுங்கள், முதல் பக்கம் மட்டும் தினமும் என்றார்.

பினாங்கில் இறங்கிப் பிரிந்தோம். கடிதம் வந்தது. நீலநிற விமானக் கடிதம், மூன்று பக்கமும் மடித்து ஒட்டியது. போக ரெண்டு வாரம், வர ரெண்டு வாரம். தோழியின் வீட்டு முகவரிக்கு வரும். நான் ஆங்கிலத்தில் பதில் எழுதப் பழகினேன். ரெண்டு வருஷம் எழுதினோம், பிறகு மாதம் ஒன்று, பிறகு பொங்கலுக்கு ஒன்று. ஒரு தடவை, தனக்கு நிச்சயம் ஆகிவிட்டது என்று எழுதினார். ரொம்ப மரியாதையான கடிதம். அழுதேன். பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது, நல்ல மனிதர், போன வருஷம் தவறிவிட்டார்.

அந்தக் கப்பலும் 1985இல் தீப்பிடித்து, அத்தோடு அந்தப் பயணமே நின்றுபோனது. ஆனால் நான் தினமும் ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறேன், இன்று காலையும் படித்தேன். வங்கித் தேர்வு எழுதி வேலைக்குப் போனதற்கு அதுதான் காரணம். சேர்ந்தால்தான் காதல், இல்லாவிட்டால் வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதே. இந்தப் பையன் உன்னைக் கடையைப் பற்றிக் கேட்டானே, அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல். அவனுக்காக வேண்டாம். உனக்காகச் சொல்.

வண்டியூர் வாசகன் (ஜூன் 12)

பெரியம்மா, இதைத் தனியாக எழுத வேண்டும் நீங்கள். அந்தக் கப்பலில் போனவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள்.

பாயான் லெப்பாஸ் தமிழன் (ஜூன் 13)

வணக்கம். நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவன், என் மனைவி மேலூர். இந்த இழையை அவர்தான் காட்டினார். தங்கை கேட்பதற்கு மலேசியப் பக்கத்திலிருந்து யாராவது சொல்ல வேண்டும்.

அந்தத் தம்பி எந்தத் தொழிற்சாலை என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் இங்கே மின்னணுத் தொழிற்சாலை ஷிப்ட் என்றால் பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரம். நாலு நாள் வேலை, பிறகு லீவு, பிறகு ராத்திரி ஷிப்ட் என்று மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்த்தது லீவு நாள் மனிதர். ஷிப்ட் நாளில் அவர் பேச மாட்டார், பேசவும் முடியாது. கால் வலிக்கும், கண் எரியும். வீட்டுக்கு வந்தால் சோறு, தூக்கம். என் மனைவிக்கு முதல் வருஷம் இதுதான் பெரிய அதிர்ச்சி. “விடுமுறையில் வந்தபோது இவ்வளவு பேசின ஆளு நீதானா” என்று கேட்டார்.

அதனால் ஒரு யோசனை. ராத்திரி அவரோடு ஒரு மணி நேரம் பேசுவதைவிட, அவர் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் காலையில் ஐந்து நிமிஷம் பேசிப் பாருங்கள். அவருக்குக் காலை எட்டு என்றால் உங்களுக்கு ஐந்தரை. எரிச்சலாக இருந்தால் எப்படி இருக்கிறார், களைப்பில் எப்படிப் பேசுகிறார், அதைப் பாருங்கள். நீங்களும் தேர்வு நேரத்தில் எப்படி இருப்பீர்கள் என்று அவருக்குக் காட்டுங்கள்.

மனைவியாக இங்கே வருவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இப்போதைக்கு வேண்டாம் என்றாலும் தெரிந்திருக்கட்டும். நீண்டகால வருகை அனுமதி என்று ஒன்று தருவார்கள். புதுப்பிக்கும்போதெல்லாம் கணவர் கூட வர வேண்டும். வேலை செய்யத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இங்கே மளிகை மொத்த வியாபாரம் தெரிந்த ஒரு பெண்ணை, முதல் சில வருஷம் வீட்டில் உட்கார வைப்பதாகத்தான் முடியும். என் மனைவி அதைத் தாண்டி வந்துவிட்டார், ஆனால் சுலபமாக இல்லை. கடைதான் உங்கள் மனசு என்றால் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் மதுரைக்கு வரும் யோசனை உள்ளவரா என்று கேளுங்கள். பெண்தான் கடல் தாண்ட வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

வைகை வடகரை (ஜூன் 13)

யாரும் தொடாத விஷயத்தை நான் தொடுகிறேன். தங்கச்சி, தண்ணீர்மலையில் உட்கார்ந்திருந்தபோது உங்கள் அப்பத்தா அவரிடம் என்ன ஊர், பூர்வீகம் எது என்று கேட்டிருப்பாரே? அது எதற்கான கேள்வி என்று நம் எல்லாருக்கும் தெரியும். மலேசியாவில் கொஞ்சம் தளர்ந்திருக்கலாம். மதுரையைச் சுற்றி அது தளரவில்லை. எத்தனை செய்தி படிக்கிறோம். பயமுறுத்தவில்லை, ஆனால் இதை விட்டுவிட்டு ஷிப்ட் நேரம் பேசுவதில் பயனில்லை.

மளிகைக்கடை மகள் (ஜூன் 14)

கேட்டார். சிவகங்கைப் பக்கம் என்று ஊர்ப்பெயர் சொன்னார், மறைக்கவில்லை. வேறு ஆட்கள்தான். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உன் கொள்ளுத்தாத்தா எதில் வேலைக்குப் போனார் என்று கேட்டார், ரப்பர் தோட்டம் என்றார். எங்கள் தாத்தாவின் தம்பியும் முதலில் தோட்டத்துக்குத்தான் போனார். அதற்கு மேல் அப்பத்தா ஒன்றும் கேட்கவில்லை, ஊர் வந்தும் யாரிடமும் சொல்லவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வைகை வடகரை (ஜூன் 14)

அப்பத்தா சொல்லாமல் இருப்பது நல்ல அடையாளம் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். ஆனால் அப்பாவும் சித்தப்பா பெரியப்பாக்களும் வேறு. ஒரு விஷயம் மனசில் இருக்கட்டும். வயது வந்தவர்கள் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர்கள் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2006இல் லதா சிங் வழக்கிலும், 2018இல் சக்தி வாகினி வழக்கிலும் சொல்லியிருக்கிறது. மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கொடுக்க வேண்டியது காவல்துறையின் கடமை. பெண்களுக்கான உதவி எண் 181. இதெல்லாம் தேவைப்படக் கூடாது என்றுதான் வேண்டுகிறேன். வீட்டில் யாராவது ஒருவர் உங்கள் பக்கம் இருப்பதுதான் எல்லாச் சட்டத்தையும்விடப் பலம். யார் அது?

திருநகர் அக்கா (ஜூன் 14)

அம்மாவிடம் பேசு. அம்மாவுக்குத் தெரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

மளிகைக்கடை மகள் (ஜூலை 2)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நிறைய நடந்துவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, அப்பா கடைக்குப் போன பிறகு, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அழாமல் சொல்ல அதுதான் வசதியான நேரம் என்று தோன்றியது. அம்மா உரிப்பதை நிறுத்தவே இல்லை. ஃபெரி படகில் வரும்போதே பார்த்தேன் என்றார். எல்லாரும் கடலைப் பார்க்க, நாங்கள் ரெண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டிருந்தோமாம்.

அம்மாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த இடத்தில் இல்லை. “ராத்திரி போர்வைக்குள்ள ஒளிச்சுப் பேசாத. நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றார். இனி பேசுவதானால் பகலில், ஹாலில் உட்கார்ந்து பேச வேண்டும். பட்டப்படிப்பு முடிய வேண்டும். அப்பாவிடம் எப்போது சொல்வது என்பதை அம்மா முடிவு செய்வார். இந்த மூன்றும்தான். சாதி பற்றி அம்மா பேசினார், பேசாமல் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பாயான் லெப்பாஸ் அண்ணா சொன்ன மாதிரி அவர் ஷிப்ட் முடிந்த காலையில் பேசிப் பார்த்தேன். உண்மைதான், சிடுசிடு என்று இருந்தார். ஒரு நாள் நான் ஏதோ கேட்க “பிறகு” என்று வைத்துவிட்டார். எனக்குக் கோபம். சாயங்காலம் அவரே கூப்பிட்டு, மெஷின் நின்றுவிட்டது, மேலதிகாரியிடம் திட்டு வாங்கினேன் என்றார். அப்போதுதான் முதல்முறையாக அவர் வேலையைப் பற்றி நான் கேட்டேன். இத்தனை நாளும் என் கடையைப் பற்றியே பேசியிருக்கிறோம். பசை தடவிய பலகையில் கண்ணுக்குத் தெரியாத அளவு பாகங்களை மெஷின் எடுத்து வைக்குமாம், ஒன்று தள்ளி விழுந்தாலும் பலகை போச்சாம். கேட்கக் கேட்கப் பிடித்தது.

அக்கா, நீங்கள் கேட்டதற்கும் பதில். சிம்மக்கல்லில் நிற்க வைத்துப் பார்த்தேன், பேச்சு இருக்கிறது. இன்னும் எவ்வளவு நாள் இருக்கும் என்று தெரியவில்லை, ஆனால் இன்றைக்கு இருக்கிறது.

பெரியம்மா, உங்களுக்கு. கடைக்கு வரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். எதற்கு என்றார். கணக்குப் பார்க்க என்றேன். சிரித்தார். சனிக்கிழமை வா என்றார். போனேன். மல்லி மூட்டையில் கைவிட்டு, உள்ளே ஈரம் இருக்கிறது, இந்த விலைக்கு வாங்காதீர்கள் என்றேன். அப்பா அந்த வியாபாரியை முறைத்தார், விலை குறைந்தது. இப்போது எல்லாச் சனிக்கிழமையும் போகிறேன். தம்பிக்கு ஒரே சந்தோஷம், அவனுக்குக் கடை பிடிக்கவே பிடிக்காதாம், அவன் அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு உதவி வேண்டும். தீபாவளிக்கு அங்கே பொது விடுமுறை. பெரியப்பா குடும்பம் அந்தச் சமயத்தில் மதுரை வருகிறது, அண்ணனோடு அவரும் வருகிறார், நண்பர் என்ற முறையில். எல்லாருமாகத்தான் சுற்றுவோம். மீனாட்சி கோயில், திருமலை நாயக்கர் மகால், ஜிகர்தண்டா எல்லாம் சரி, அவை தவிர எங்கே கூட்டிப் போகலாம்? அவர் இந்தியாவுக்கு வருவது இதுதான் முதல்முறை.

தெப்பக்குளம் பெரியம்மா (ஜூலை 2)

மல்லியில் ஈரம் கண்டுபிடித்தாயே, அதைப் படித்துவிட்டு எழுந்து காபி போட்டுக் குடித்தேன். சந்தோஷம்.

வண்டியூர் வாசகன் (ஜூலை 3)

கீழக்குயில்குடி சமணர் மலை. மேலே செட்டிப்புடவுச் சிற்பங்கள், ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்டவை. ஆனால் தீபாவளி சமயம் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை, பாறை வழுக்கும். மழை பெய்த மறுநாள் ஏறாதீர்கள். அப்பத்தாவுக்குக் கீழே தாமரைக்குளமும் ஆலமரமும் இருக்கிறது, கூட இருக்க யாராவது வேண்டும்.

வைகை வடகரை (ஜூலை 3)

கீழடி அருங்காட்சியகம், 2023இல் திறந்தது, ஊரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பூர்வீகம் சிவகங்கைப் பக்கம் என்றால் கீழடியும் அந்த மாவட்டம்தான். முடிந்தால் அவர் கொள்ளுத்தாத்தா ஊருக்கும் ஒரு எட்டுப் போய் வரச் சொல்லுங்கள், உங்கள் குடும்பம் இல்லாமல், அண்ணனோடு மட்டும்.

பாயான் லெப்பாஸ் தமிழன் (ஜூலை 3)

இந்தியா வர மலேசியர்களுக்கு விசா கட்டாயம், இ-விசாவாகவே எடுக்கலாம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். தம்பியிடம் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். தீபாவளி நேரத்தில் கோலாலம்பூர், திருச்சி டிக்கெட் விலை ஏறிவிடும், ஆகஸ்டுக்குள் எடுத்துவிட்டால் நல்லது. அப்புறம், ஷிப்டை மாற்றிக்கொள்ள இங்கே முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அதை அவர் மறந்துவிடக் கூடாது.

திருநகர் அக்கா (ஜூலை 4)

விளக்குத்தூண் பக்கம் தீபாவளிக்கு முந்தின வாரம் வண்டி போகாது. நடந்தே போங்கள், எல்லாரும். கடைக்கு அவரைக் கூட்டிப் போவதை அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய். தீபாவளிக்கு முந்தின நாள் வேண்டாம், அன்று உன் அப்பாவுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. தீபாவளி கழிந்து கடை திறக்கும் நாளில் போங்கள்.

மளிகைக்கடை மகள் (ஜூலை 4)

கேட்டுவிட்டேன் அக்கா. அண்ணனோடு சேர்ந்து வரட்டும், சாக்கைத் தாண்டி உள்ளே வரத் தெரிகிறதா பார்ப்போம் என்றார் அம்மா. டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன்.